மக்காச்சோளம் முற்றும் பருவத்தில்

1795 மே மாதம். சிட்னிக்கு வடமேற்கே, ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் குடியேறிகள் போட்டிருந்த மக்காச்சோளம் முற்றி அறுப்புக்கு நின்றது. அந்த வயல்களில் பூர்வகுடிகளான தாருக் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். கதிரை ஒடித்துக் கட்டிக்கொண்டு போகப் போர்வைகளும் வலைகளும் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் காலனியின் முதல் நீதி அதிகாரியான டேவிட் காலின்ஸ் அந்தப் போர்வைகளையும் வலைகளையும் விடாமல் பதிவு செய்திருக்கிறார். குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே வெளிப்படையான போர் தொடங்கிவிட்டதாக எழுதியவரும் அவர்தான்.

பொறுப்பு ஆளுநராக இருந்த வில்லியம் பேட்டர்சன், நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவிலிருந்து இரண்டு அதிகாரிகளையும் 60 சிப்பாய்களையும் அங்கே அனுப்பினார். அகப்பட்டவர்களைக் கொல்ல வேண்டும், மற்றவர்கள் பார்த்து அஞ்சும்படி உடல்களைத் தூக்குமரத்தில் தொங்கவிட வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவு.

சண்டைக்குப் போகிறவர்கள் பிள்ளைகுட்டிகளோடும் போர்வையோடும் போக மாட்டார்கள். அறுவடைக்குப் போகிறவர்களே அப்படிப் போவார்கள். காலின்ஸ் போகிறபோக்கில் எழுதிவைத்த இந்த விவரத்தை நின்று படித்தால், ஆஸ்திரேலியாவின் தொடக்ககால எல்லைப்புறப் போர்களில் பெரும்பகுதி சோற்றுக்கான போர் என்பது தெளிவாகும். நிலத்துக்கான போர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது சரிதான். ஆனால் எந்த நிலம், ஏன் அந்தத் துண்டு, ஏன் அந்த மாதம் என்று கேட்கத் தொடங்கினால் பதில் உணவில்தான் போய் முடிகிறது.

நெடுங்காலம் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. உணவு வரலாறு எழுதியவர்கள் கப்பலில் வந்த உப்புக்கண்டத்தையும் மாவையும் பற்றி எழுதினார்கள். போர் வரலாறு எழுதியவர்கள் துப்பாக்கியையும் ஈட்டியையும் பற்றி எழுதினார்கள். 1968இல் மானிடவியலாளர் டபிள்யூ. இ. எச். ஸ்டேனர், பூர்வகுடிகளைப் பற்றி ஆஸ்திரேலிய வரலாறு காக்கும் பெரும் மௌனத்தை வானொலி உரைகளில் சுட்டிக்காட்டிய பிறகுதான் இரண்டாவது வகை வரலாறே வேர்விட்டது. ஹென்றி ரெனால்ட்ஸ் 1981இல் எல்லைப்புறத்தை மறுகரையிலிருந்து பார்த்து ஒரு நூல் எழுதினார். கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கும் ஆய்வுகள் இரண்டு வரலாறுகளையும் ஒன்றோடொன்று நெருக்கிக் கொண்டுவந்திருக்கின்றன. ஸ்டீபன் காப்ஸ் 2018இல் வெளியிட்ட ‘சிட்னிப் போர்கள்’ பற்றிய நூல், 1788 முதல் 1817 வரையிலான மோதல்களை ராணுவ வரலாறாகவே எழுதியது. பயிரை எரிப்பதும் பண்ணையைக் கொள்ளையிடுவதும் திட்டமிட்ட போர்முறை என்று அவர் வாதிடுகிறார். கிரேஸ் கார்ஸ்கன்ஸ் 2020இல் எழுதிய ‘ஆற்றின் மக்கள்’ ஹாக்ஸ்பரி ஆற்றை அதன் தாருக் பெயரான டியாரபின் என்பதிலிருந்து தொடங்குகிறது. உணவு வரலாற்றாசிரியர் ஜாக்கி நியூலிங், காலனியின் முதல் ஆண்டுகளை வெறும் பட்டினிக்காலமாகவே சொல்லிவந்த வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தியவர். இம்மூவரின் எழுத்துகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்குத் தெரியவந்ததையே இங்கே சொல்கிறேன்.

1788 ஜனவரியில் கைதிகளை ஏற்றிய 11 பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஆளுநர் ஆர்தர் பிலிப், கைதிக்கும் காவல் சிப்பாய்க்கும் சாராயம் நீங்கலாக ஒரே அளவு ரேஷன் என்று விதித்தார். சிப்பாய்களுக்கு அது பெரும் மனக்குறையாக இருந்தது. ஓர் ஆணுக்கு வாரத்துக்கு மாவு அல்லது ரொட்டி மூன்று கிலோவுக்குச் சற்று மேல், உப்பிட்ட மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சி, கொஞ்சம் பட்டாணி, வெண்ணெய். பெண்ணுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. மேலும் பொருள் ஏற்றி வந்த கார்டியன் கப்பல் 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவுக்கருகே பாறையில் சிக்கி உடைந்தது. ஏப்ரலில் வாரப் பங்கு சுமார் 1.1 கிலோ மாவு, 900 கிராம் அரிசி, 900 கிராம் பன்றி இறைச்சி என்று இறங்கிவிட்டது. அரிசியில் வண்டு மொய்த்தது. இறைச்சி உப்பிடப்பட்டு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆளுநர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் தங்கள் ரொட்டியைத் தாங்களே கொண்டுபோனார்கள். 1792 ஜூனில் அட்லாண்டிக் கப்பல் கல்கத்தாவிலிருந்து அரிசியும் ரவையும் பருப்பும் ஏற்றிவந்தது. நம் ஊர் அடுப்படிச் சாமான்கள் சிட்னியின் அரசுக் களஞ்சியத்தில் ரேஷனாக அளக்கப்பட்ட காலம் அது.

அந்தப் பஞ்சத்தின் நடுவே நடந்த ஒன்றைக் கடற்படைச் சிப்பாய்களின் அதிகாரியான வாட்கின் டென்ச் விவரமாக எழுதியிருக்கிறார். 1789 நவம்பரில் ஆளுநரின் உத்தரவுப்படி பென்னலாங் என்ற இளைஞரைப் பிடித்துக்கொண்டுவந்து ஆளுநர் மாளிகையில் வைத்திருந்தார்கள். அவர் நன்றாகச் சாப்பிடுகிறவர். ஊரில் மற்றவர்களுக்கு ஒரு வாரத்துக்குத் தரும் பங்கு அவருக்கு ஒரு நாளைக்குப் போதவில்லை. பசிக்கிறது என்று அவர் உணர்ந்துவிட்டால் களஞ்சியம் காலியாகிக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். அவர் தப்பிப்போய்த் தம் ஆட்களிடம் சொன்னால், வெள்ளையர்கள் எண்ணிக்கையிலும் வலுவிலும் சுருங்கிவிட்டார்கள் என்று துணிந்து தாக்குவார்கள். ஆகவே ஆளுநரின் வேலைக்காரர் எல்லோரையும் போல வரிசையில் நின்று பென்னலாங்கின் பங்கை வாங்கிவருவார். குறைகிற அளவுக்கு மீன் கிடைத்தால் மீன் கொடுத்தார்கள். மீன் கிடைக்காத நாளில், சேமித்துவைத்திருந்த சொற்ப மக்காச்சோளத்தை அவருக்காகவே அரைத்துக் கொடுத்தார்கள். 1790 மே மாதத்தில் பென்னலாங் வேலியைத் தாண்டித் தப்பிவிட்டார்.

ஒரு பேரரசின் ஆளுநர் தம் வீட்டுக் கைதியிடம் தம் பசியை மறைக்கப் பாடுபட்ட கதை இது. துப்பாக்கியும் கப்பலும் இருந்தாலும், தங்கள் பலம் களஞ்சியத்தில் இருக்கிறது என்பதை அந்த அதிகாரிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். பின்னாளில் அவர்கள் ஏன் சோள வயலுக்காகப் படை அனுப்பினார்கள் என்பதற்கான விடையின் பாதி இங்கே இருக்கிறது.

மறுபாதி தண்ணீரில் இருக்கிறது. சிட்னித் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த இயோரா மக்களுக்கு மீன்தான் முதன்மை உணவு. பெண்கள் மரப்பட்டைத் தோணியில் உட்கார்ந்து, கிளிஞ்சலில் செதுக்கிய தூண்டில் முள்ளால் பிடிப்பார்கள். தோணியிலேயே களிமண் மேல் சிறு நெருப்பு எரியும். ஆண்கள் பாறையிலிருந்து ஈட்டியால் குத்துவார்கள். வந்தவர்களோ நீண்ட இழுவலையை விரித்து ஒரே வீச்சில் அள்ளினார்கள். குளிர்காலத்தில் அந்தத் துறைமுகத்தில் மீன் குறைந்துவிடும். 1788 ஜூலையில் வலை இழுத்துக்கொண்டிருந்த படகினரிடம் ஆயுதத்தோடு வந்த சுமார் 20 பேர், பிடித்த மீனில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் சிலர் சற்றுத் தள்ளி ஈட்டியோடு நின்றார்கள். காலனியின் ஏடுகள் இதைக் கொள்ளை என்கின்றன. தன் கடலில் பிடித்த மீனில் பங்கு கேட்பது கொள்ளை ஆகுமா என்று அந்த ஏடுகளை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

அடுத்த ஆண்டு பெரியம்மை வந்தது. துறைமுகப் பகுதி மக்களில் பாதிப்பேர் செத்துவிட்டதாகப் பென்னலாங் பிலிப்பிடம் சொன்னார். சில ஆண்டுகளுக்கு மோதல்கள் கட்டுக்குள் இருந்ததற்கு இந்தப் பேரழிவும் ஒரு காரணம்.

இனி ஆற்றுக்கு வருவோம். 1789 ஜூலையில் பிலிப்பின் குழு படகில் ஹாக்ஸ்பரியில் மேலே போனபோது, உடன் போன கேப்டன் ஜான் ஹன்டர் தாழ்வான கரைகள் எங்கும் மண் கிளறிக் கிடந்ததைக் கண்டார். பெரிய பன்றிக்கூட்டம் ஒன்று அங்கேயே தங்கி உழுதுபோட்டது போலிருந்தது என்பது அவர் தந்த ஒப்புமை. இறங்கிப் பார்த்தால் காட்டு வள்ளிக்கிழங்கு நிறைய இருந்தது. இங்குள்ளவர்களுக்கு இந்தக் கிழங்குதான் பெரும்பாலும் உணவு என்று அவர் புரிந்துகொண்டார்.

அந்தக் கரையைச் சற்று நிதானமாகக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டல். பூப்போன்ற மண். கொடி எங்கே படர்கிறதோ அதற்குக் கீழே கிழங்கு இறங்கியிருக்கும். பெண்கள் கூரான கம்பால் தோண்டி எடுப்பார்கள். ஆண்டுக்காண்டு அதே இடத்தில் தோண்டத் தோண்ட மண் இன்னும் இளகும், கிழங்கு இன்னும் பருக்கும். கரையை விட்டு விலகினால் மணற்பாறைக் குன்றுகள். அங்கே இந்தக் கிழங்கு இப்படிச் செழிக்காது. உழவுக்கு மண் தேடி அலைந்த வெள்ளையர்களுக்கும் அதே கரைதான் வேண்டியிருந்தது. சிட்னியைச் சுற்றியிருந்த சத்தற்ற மணல்மண்ணில் கோதுமை ஏறவில்லை. 1794 ஜனவரியில் முதலில் 22 குடியேறிகளுக்கு அங்கே நிலம் தரப்பட்டது. பெரும்பாலோர் தண்டனைக்காலம் முடிந்த கைதிகள். தனி ஆளுக்கு 30 ஏக்கர். ஒன்றரை ஆண்டுக்குள் ஆற்றின் இரு கரைகளிலும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு நானூறு பேருக்கு மேல் பரவிவிட்டார்கள். மரத்தை வெட்டி, கொடியை எரித்து, கிழங்குப் பாத்திகளைக் கொத்திப் புரட்டிச் சோளம் போட்டார்கள்.

ஒரு மண்ணில் இரண்டு உணவுகள் நிற்க முடியாது. இதைத்தான் கார்ஸ்கன்ஸ் போன்றோர் அழுத்திச் சொல்கிறார்கள். கிழங்கு போன இடத்தில் சோளம் முளைத்தது. கிழங்கு தோண்ட வந்தவர்கள் சோளத்தை ஒடித்தார்கள். அவர்கள் கணக்கில் அது அதே நிலத்தின் விளைச்சல். குடியேறிக்கோ அது காசு. அரசுக் களஞ்சியத்தில் தானியத்தை அளந்தால் ரசீது கிடைக்கும். அந்த ரசீதுதான் கடனை அடைக்கும், சாமான் வாங்கித்தரும். முப்பது ஏக்கரையும் கடனையும் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு முன்னாள் கைதி, தன் கதிர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தயாராக இல்லை. இதைச் சொல்வது அவர்கள் செய்ததை நியாயப்படுத்த அல்ல. இரவில் காவலிருந்து சுட்டார்கள். பிள்ளைகளைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். 1799இல் இரண்டு தாருக் சிறுவர்களைக் கொன்றதற்காக ஐந்து குடியேறிகள் சிட்னி நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. வழக்கு லண்டனுக்குப் போனது, மன்னிப்பு வந்தது, ஐவரும் தண்டனையின்றிப் போனார்கள்.

1795இல் பேட்டர்சன் அனுப்பிய படை ஏழெட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றதாக அறிக்கை தந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு சிட்னிக்கு வந்தது. அவர்களில் ஒரு கைக்குழந்தை இறந்துபோனது. லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், முதலில் போன குடியேறிகள் இம்மக்களைக் கொடுமையாக நடத்தியிருப்பார்கள் என்பதில் தமக்கு ஐயமில்லை என்று பேட்டர்சன் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் படை அனுப்பாவிட்டால் இவ்வளவு நல்ல ஆற்றிலிருந்து காலனிக்குக் கிடைக்க வேண்டிய பயன் முழுதும் போய்விடும் என்கிறார். அந்தப் பயன் தானியம். 1806 மார்ச்சில் ஹாக்ஸ்பரி வெள்ளம் வயல்களை அடித்துக்கொண்டு போனபோது காலனி முழுவதும் உணவுக்குத் தவித்தது. அந்த அளவுக்கு அதன் சாப்பாடு அந்த ஒரு ஆற்றை நம்பியிருந்தது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த ஆவணம் 1804 டிசம்பரில் ஆளுநர் பிலிப் கிட்லி கிங் லண்டனுக்கு அனுப்பிய கடிதம். ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் தகராறு தொடங்கியதும், காரணம் கேட்க மூன்று பூர்வகுடி ஆண்களை அவர் வரவழைத்தார். அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். கரையில் தங்களுக்கு மிச்சமிருக்கும் சில இடங்களிலிருந்தும் துரத்தப்பட விருப்பமில்லை. அங்கே மட்டும்தான் உணவு கிடைக்கிறது. வெள்ளையர்கள் கரையை எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ளத் தாங்கள் கீழே கீழே போய்விட்டார்கள். வெள்ளையர் நிலத்தைக் கடந்தால் சுடுகிறார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் சில இடங்களை விட்டுவைத்தால் போதும், தொந்தரவு செய்ய மாட்டோம். கோரிக்கை நியாயமானது என்று கிங்குக்கே தோன்றியது. கீழ்ப்பகுதியில் இனிக் குடியேற்றம் கிடையாது என்று உறுதி சொன்னார். அந்த உறுதி நிலைக்கவில்லை. 1805 ஏப்ரலில், மக்காச்சோளப் பருவத்திலேயே, ஆற்றங்கரைப் பண்ணைகள் மறுபடி எரிந்தன.

அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது இவ்வளவு தெளிவாக, ஆளுநரின் கையாலேயே பதிவாகியிருக்கிறது. அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பள்ளிப் பாடநூல்கள் அம்மக்களை எதிர்ப்பில்லாமல் மறைந்துபோனவர்களாகக் காட்டின. ஆவணம் இல்லாத குறையல்ல அது. படித்தவர்கள் கண்ணில் அது உணவைப் பற்றிய சில்லறைச் செய்தியாகப் பட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வறட்சி வந்தபோதெல்லாம் சண்டை உக்கிரமானது. 1814 மே மாதத்தில், சிட்னிக்குத் தென்மேற்கே, ஆப்பின் பகுதிச் சோள வயல் ஒன்றில் சிப்பாய்கள் சுட்டதில் ஒரு சிறுவன் இறந்தான். பதிலடியில் ஒரு சிப்பாய் செத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1816 ஏப்ரல் 17 அதிகாலையில், ஆளுநர் லாக்லன் மக்வாரி அனுப்பிய படை ஆப்பினில் ஒரு முகாமைச் சூழ்ந்து குறைந்தது 14 பேரைக் கொன்றது. பலர் செங்குத்துப் பள்ளத்தில் விழுந்து மடிந்தார்கள். மே மாதத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. ஊர்களுக்கோ பண்ணைகளுக்கோ ஒரு மைல் தூரத்துக்குள் பூர்வகுடிகள் ஆயுதத்தோடு வரக் கூடாது. ஈட்டிதான் வேட்டைக் கருவி, நல்ல ஆற்றங்கரை எல்லாம் ஏற்கெனவே பண்ணை என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அது உணவின் மீதான தடை என்பது விளங்கும். அதே மக்வாரி 1814இலிருந்து டிசம்பர் 28ஆம் தேதிகளில் பாரமட்டாவில் பூர்வகுடிகளுக்கு விருந்து வைத்துவந்தார். வாட்டிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ரொட்டி, பீர்.

சிட்னிக்கு மேற்கே, மலைக்கு அப்பால் பாதர்ஸ்ட் சமவெளியில் விராஜுரி மக்களின் போரும் ஒரு கிழங்கிலிருந்து தொடங்கியதாக ஒரு கதை வழங்குகிறது. ஒரு விவசாயி தம் தோட்டத்து உருளைக்கிழங்கைச் சிலருக்குச் சாப்பிடக் கொடுத்தார். மறுநாள் அவர்களே வந்து தோண்டிக்கொண்டபோது திருட்டு என்று சுடப்பட்டார்கள். பல பத்தாண்டு கழித்து அச்சேறிய கதை இது, அப்படியே நடந்ததா என்று வாதிடலாம். அதில் வரும் மனக்குழப்பம் மட்டும் உண்மைக்கு நெருக்கமானது: கிழங்கு நிலத்துக்குள் இருக்கிறது, தோண்டத் தெரிந்தவர் தோண்டலாம் என்பது அவர்கள் வழக்கம். 1824 ஆகஸ்டில் அங்கே ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டு டிசம்பர் வரை நீடித்தது. அந்த ஆண்டு பாரமட்டா விருந்துக்கு விராஜுரித் தலைவர் விண்ட்ராடைன், சமாதானம் என்று எழுதிய தொப்பியோடு தம் ஆட்களுடன் மலை தாண்டி வந்தார்.

தெற்கே, இன்றைய விக்டோரியாவில், உழவுக்கு முன்பே ஆடு வந்துவிட்டது. முர்னாங் என்ற மஞ்சள் பூச்செடியின் கிழங்கு அங்கே முதன்மை உணவு. மெல்போர்ன் தாவர ஆய்வாளர் பெத் காட் இதைப் பல்லாண்டு ஆராய்ந்தார். செம்மறியாடு மேலிருக்கும் இலையைத் தின்று, இளகிய மண்ணிலிருந்து கிழங்கையும் பிடுங்கித் தின்றுவிடும். அதன் குளம்பு மண்ணைக் கெட்டியாக்கிவிடும். மேய்ச்சல் பரவிய இடமெல்லாம் சில ஆண்டுகளில் முர்னாங் அற்றுப்போனது. ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் ஒரு மக்களின் சாப்பாடு போயிற்று. பிறகு அவர்கள் ஆட்டைப் பிடித்துத் தின்றபோது துப்பாக்கி வெடித்தது.

ஓரிடத்தில் உணவே ஆயுதமானது. 1842இல், இன்றைய குயின்ஸ்லாந்தின் கில்காய் மேய்ச்சல் பண்ணையில் நஞ்சு கலந்த மாவைத் தின்று பல பத்துப் பூர்வகுடிகள் இறந்தார்கள். மாவு ஏற்கெனவே அவர்கள் விரும்பி வாங்கும் பொருளாகியிருந்தது, நட்புக்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்டது. அந்த நம்பிக்கையில்தான் நஞ்சைக் கலந்தார்கள். அந்த வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புன்யா மரங்கள் அமோகமாகக் காய்க்கும்போது, தொலைதூர இனங்களெல்லாம் மலையில் கூடிக் கொட்டைகளைத் தின்று, வழக்குத் தீர்த்து, திருமணம் பேசிப் பிரியும். கில்காய்ச் செய்தி அந்தக் கூட்டங்கள் வழியேதான் பரவியது. அதே 1842 ஏப்ரலில் ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ், புன்யாக் காடுகளில் நிலம் கொடுப்பதையும் மரம் வெட்டுவதையும் தடை செய்தார். பூர்வகுடிகளின் உணவு மரத்தைக் காலனி அரசு சட்டம் போட்டுக் காத்த அரிய நிகழ்ச்சி அது. 1860இல் குயின்ஸ்லாந்து அரசு அந்தக் காப்பை நீக்கிவிட்டது. லிண்டல் ரயனின் தலைமையில் நியூகாசில் பல்கலைக்கழகம் 2017இலிருந்து வெளியிட்டுவந்த படுகொலை வரைபடத்தில், ஒரே நிகழ்வில் ஆறு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்ட இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. கொன்ற முறைகளில் நஞ்சும் ஒன்று.

ஆஸ்திரேலியாவில் இப்போது சூடாக நடக்கும் விவாதம் வேறொன்று. புரூஸ் பாஸ்கோ 2014இல் எழுதிய நூல், பூர்வகுடிகள் விவசாயிகளாகவே இருந்தார்கள் என்றது. மானிடவியலாளர் பீட்டர் சட்டனும் தொல்லியலாளர் கெரின் வால்ஷும் 2021இல் அதை மறுத்து, வேட்டையும் சேகரிப்பும் கொண்ட வாழ்க்கைக்கு அதற்கே உரிய நுட்பமும் மதிப்பும் உண்டு என்றார்கள். எனக்குச் சட்டனின் பக்கமே நியாயம் அதிகமாகத் தெரிகிறது. உழுதவனுக்குத்தான் நிலத்தில் உரிமை என்பது குடியேறிகளின் வாதம். பூர்வகுடிகளும் உழுதார்கள் என்று நிறுவப் பாடுபடும்போது அந்த அளவுகோலையே நாமும் ஏற்றுக்கொள்கிறோம். ஆற்றங்கரையில் கம்பால் கிளறிய பெண்கள் உழவர்களா இல்லையா என்பதை 1804இல் வந்த மூவரும் பேசவில்லை. சாப்பாடு அங்கேதான் இருக்கிறது என்றார்கள்.

எல்லா மோதலையும் சோற்றில் அடக்கிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1790 டிசம்பரில் பெமுல்வுய் என்ற பூர்வகுடி வீரர் ஈட்டியால் குத்திய ஜான் மெக்கென்டயர் ஆளுநரின் வேட்டைக்காரர். கங்காருவைச் சுட்டு மாளிகை அடுப்புக்கு அனுப்பியவர். அந்த அளவில் உணவு அங்கேயும் இருக்கிறது. ஆனால் அவர்மீது இயோரா மக்களுக்கு இருந்த வெறுப்பு அதற்கும் மேற்பட்டது. அவர் செய்த கொலைகளுக்குப் பழி தீர்ப்பு என்றே பலர் கருதுகிறார்கள். பெண்களைக் கடத்தியது, உறவினரின் சாவுக்குச் சட்டப்படி ஈடு கேட்டது போன்ற காரணங்களும் ஏடுகளில் நிறைய உண்டு.

சண்டை ஓய்ந்த இடங்களில் ரேஷன் வந்தது. மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை. டிம் ரௌஸ் 1998இல் மத்திய ஆஸ்திரேலியாவைப் பற்றி எழுதிய நூல், இந்தப் பங்கீடு எப்படி ஒரு ஆட்சிமுறையாகவே இயங்கியது என்று காட்டுகிறது. மிஷன், காவல் நிலையம், மாட்டுப்பண்ணை என யார் கையில் மாவு மூட்டை இருந்ததோ அவரே மக்கள் எங்கே தங்க வேண்டும், யாருக்கு வேலை, எந்தக் குழந்தை பள்ளிக்கு என்று முடிவு செய்தார். வட ஆட்சிப்பகுதியின் வேவ் ஹில் மாட்டுப்பண்ணையில் குரின்ஜி மக்கள் பல தலைமுறை மாட்டிறைச்சிக்கும் மாவுக்கும் சொற்பக் கூலிக்கும் உழைத்தார்கள். 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் சுமார் 200 பேர் பண்ணையை விட்டு வெளியேறி, பின்னர் வாட்டி ஓடைக்கரையில் குடியேறினார்கள். கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தம் என்றே நாடு முதலில் அதைப் புரிந்துகொண்டது. 1967இல் தலைமை ஆளுநருக்கு அவர்கள் அனுப்பிய மனு நிலத்தைக் கேட்டது. மறுக்கப்பட்டது. 1975இல் பிரதமர் காஃப் விட்லம் அங்கே வந்து ஒரு பகுதியைக் குத்தகையாக ஒப்படைத்தார். முழு உரிமைப் பத்திரம் 1986இல் கிடைத்தது.